பொன்னி வாயைத் திறந்தபோது: கொழிஞ்சாம்பாறையில் ஓர் ஆய்வக பீகிளின் தத்தெடுப்பு

பொன்னி, பீகிள் இனத்தைச் சேர்ந்த பெண் நாய், ஆய்வக நாய்களுக்கு வீடு தேடித் தரும் எங்களிடம் நான்கு வயதில் வந்தாள். பிறந்ததிலிருந்து மருந்துச் சோதனை ஆய்வகத்தின் கூண்டில் இருந்தவள். விடுவிக்கப்பட்ட பிறகு பெங்களூரில் சில வாரங்கள் காப்பகத்தில் இருந்துவிட்டு, பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு வீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தத்துக் கொடுப்பதற்கு முன் வீட்டைப் பார்த்துச் சொல்வதும், கொடுத்த பிறகு போய் விசாரித்து வருவதும் என் பொறுப்பு. வீட்டாரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். தங்கள் பெயர் வேண்டாம் என்றார்கள். நாயின் பெயரை மட்டும் மாற்றக் கூடாது என்று அந்த வீட்டுச் சின்னப் பெண் சொல்லிவிட்டாள்.

ஆய்வகத்திலிருந்து வந்த பீகிளைத் திருப்பிக் கொடுக்க நினைக்கிறவர்கள் முதல் வாரத்தில் அப்படி நினைப்பதில்லை. இரண்டு மூன்று மாதம் போன பிறகுதான் போன் வரும். "முதல்ல தங்கமா இருந்துச்சுங்க, இப்ப கெட்டுப்போச்சு" என்பார்கள். சத்தம் போடுகிறது, திருடித் தின்கிறது, கதவு திறந்தால் ஓடுகிறது, குழி தோண்டுகிறது. நான் பார்த்த அளவில், நாய் தேற ஆரம்பிக்கும் நேரமும் அதுதான். வீட்டார் கைவிட நினைக்கும் நேரமும் நாய் எழுந்து நிற்கும் நேரமும் ஒன்றாக வந்து நிற்பதுதான் இந்த நாய்களின் கெட்ட காலம். பொன்னியின் வீட்டிலும் அது வந்தது. அதை எப்படிக் கடந்தார்கள் என்பது அடுத்து பீகிள் எடுக்கிற வீட்டுக்குப் பயன்படும்.

ஏன் பீகிள்

பீகிள் இங்கிலாந்தில் காட்டு முயல் வேட்டைக்காகக் கூட்டமாக வளர்க்கப்பட்ட மோப்ப நாய். கூட்டமாக வாழ்ந்த இனம் என்பதால் மற்ற நாயோடும் மனிதரோடும் சண்டைக்குப் போகாது. பத்துக் கிலோ அளவில் இருக்கும், ஒரு ஆளே தூக்கிவிடலாம். வலித்தாலும் கடிப்பது அபூர்வம். அந்த நல்ல குணமே அதற்கு வினையாகிவிட்டது. உலகம் முழுவதும் மருந்துச் சோதனைக்கு அதிகம் பயன்படுத்தப்படும் நாய் இனம் இதுதான். 2022-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஆய்வகங்களுக்கு நாய் வளர்த்துக் கொடுத்த ஒரு பண்ணையிலிருந்து ஏறத்தாழ 4,000 பீகிள்களை நீதிமன்ற உத்தரவின் பேரில் வெளியே எடுத்து வீடுகளுக்குக் கொடுத்தபோதுதான் பலருக்கு இந்த விஷயமே தெரிந்தது.

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த குழு ஒன்று விலங்குச் சோதனைகளை மேற்பார்வை செய்கிறது. அதற்கான விதிகள் 1998-ல் வந்தன. சோதனை முடிந்த நாயை மறுவாழ்வுக்கு அனுப்பலாம், அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பிறகு மெல்ல மெல்ல வலுப்பட்டது. பெங்களூரின் கூபா என்ற விலங்கு நல அமைப்பு 'ஃப்ரீகிள்ஸ்' என்ற பெயரில் இப்படி வெளியே வரும் பீகிள்களுக்கு வீடு தேடித் தருகிறது. 2023-ல் புதிய மருந்துகள் விதிகளில் வந்த திருத்தம் விலங்கில்லாத சோதனை முறைகளையும் ஏற்றுக்கொண்டது. கூண்டுகள் ஒரே நாளில் காலியாகிவிடாது. ஆனால் வெளியே வருகிற நாய்களுக்கு வீடு வேண்டும், அது இப்போதே வேண்டும்.

வீடும் ஊரும்

கொழிஞ்சாம்பாறை கேரளத்தில்தான் இருக்கிறது. ஆனால் கடைத்தெருவில் காது கொடுத்தால் தமிழ்தான் கேட்கும். பாலக்காட்டின் மற்ற பகுதிகளைவிட மழை குறைவு. கரிசல் மண், தென்னை, கள். வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கோயமுத்தூர் மாவட்டம். பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், வீட்டில் கொங்குத் தமிழ், நாயிடம் இரண்டும்.

வீட்டில் ஐந்து பேர். அப்பத்தா, அவருடைய மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் ஒரு பையன், அவனுக்கு இளைய பெண். இரண்டு மாடு, தோப்பு, கொப்பரை காயப்போடும் களம். வளர்த்த நாய் வயதாகி இறந்து சில மாதம் ஆகியிருந்தது. நான் பார்த்ததில் எனக்குப் பிடித்தது, அப்பத்தா பகல் முழுக்க வீட்டில் இருக்கிறார் என்பதும், அந்த வீட்டில் யாரும் எதற்கும் அவசரப்படுவதில்லை என்பதும். பிடிக்காதது வேலி. தோப்பைச் சுற்றி முள்கம்பி மூன்று வரிசை. மாடு தாண்டாது, பீகிள் குனியக்கூடத் தேவையில்லாமல் போய்விடும். வீட்டைச் சுற்றியுள்ள வாசலை மட்டுமாவது கம்பி வலையால் அடைத்த பிறகுதான் நாயை அனுப்புவோம் என்றேன். அடைத்தார்கள். உயரம் சரியாக இருந்தது. அடிப்பக்கம் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சிலை போல் ஒரு நாய்

வந்த அன்று பொன்னியைக் காரிலிருந்து இறக்கி வாசலில் விட்டோம். விட்ட இடத்திலேயே நின்றாள். வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. காதின் உள்பக்கம் பச்சை மையில் எண் குத்தியிருந்தது. கால் மண்ணில் பட்டதும் ஒரு பாதத்தைத் தூக்கினாள், பிறகு இன்னொன்றை. மண்ணே அவளுக்குப் புதிது. வாசப்படி தெரியாது. சீலிங் ஃபேன் சுற்றுவதைப் பார்த்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மிக்சி ஓடியபோது நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது.

அடுத்த சில நாட்கள் பார்க்க வந்த உறவினர், அக்கம்பக்கம் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். எவ்வளவு சாது, குரைப்பதே இல்லை, குழந்தை தூக்கினாலும் பேசாமல் இருக்கிறது, இப்படி ஒரு நாய் எங்களுக்கும் கிடைக்குமா. அப்பத்தா மட்டும் மருமகளிடம் கேட்டாராம்: "இது நாயா, பொம்மையா கண்ணு? நாயின்னா ஒரு சத்தம் வேண்டாமா?"

அப்பத்தாவின் கேள்விதான் சரியான கேள்வி. இந்த அமைதி குணம் இல்லை. அசைந்தும் பயனில்லை, கத்தியும் பயனில்லை என்று பல வருடமாகக் கற்றுக்கொண்ட உடம்பு அப்படித்தான் இருக்கும். பொள்ளாச்சியில் டாக்டரிடம் கொண்டுபோனபோது மேசையில் ஏற்றியதும் பொன்னி தானாகவே முன்காலை நீட்டினாள். ரத்தம் எடுத்து முடியும் வரை அசையவில்லை. டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. ஒரு நாய் இதற்குப் பழகியிருக்கக் கூடாது என்றார்.

பயந்த நாயின் உடம்பு சொல்லும் அடையாளங்கள் உண்டு. பசியில்லாமலே உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பாமல் கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிடாமல் இருப்பது. பொன்னியிடம் நான்குமே இருந்தன. அதனால் வீட்டாரிடம் கேட்டுக்கொண்டது கொஞ்சம்தான். யாரும் போய்த் தொட வேண்டாம். தூக்கவே வேண்டாம். தலைக்கு மேல் கை கொண்டுபோக வேண்டாம். பக்கவாட்டில் உட்காருங்கள், கண்ணைப் பார்க்காதீர்கள், அவளாக வந்தால் தாடைக்குக் கீழே கையைக் காட்டுங்கள். சாப்பாடு ஒரே நேரம், ஒரே இடம், ஒரே தட்டு. ஒரு மாதத்துக்கு விருந்தாளிகளை அழைத்துக் காட்ட வேண்டாம்.

சின்னப் பெண்ணுக்கு இது பெரிய வருத்தம். கட்டிப்பிடிக்கத்தானே நாய் வந்திருக்கிறது? அவளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். தினமும் சாயங்காலம் பொன்னி இருக்கும் அறையில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும், நாயிடம் பேசக் கூடாது. மனிதக் குரல் ஒன்று பக்கத்தில் இருக்கிறது, அது தன்னிடம் எதையும் கேட்கவில்லை என்று நாய் கண்டுகொள்ள வேண்டும்.

முதலில் அவளாகப் போனது அப்பத்தாவிடம்தான். அவர் திண்ணையில் உட்கார்ந்து தென்னை ஓலையிலிருந்து ஈர்க்குச்சி சீவிக்கொண்டிருப்பார், துடைப்பத்துக்கு. ஒரே மாதிரி சத்தம், ஒரே மாதிரி கை அசைவு. நாயைத் திரும்பிப் பார்க்கவே மாட்டார். ஒரு மத்தியானம் பொன்னி சுவரோரமாக வந்து, உரித்துப் போட்ட ஓலையை முகர்ந்து, அவருடைய சேலைத் தலைப்பை முகர்ந்து, அங்கேயே படுத்துவிட்டாள். அப்பத்தா வேலையை நிறுத்தவில்லை. அன்று அவர் கையை நீட்டித் தடவியிருந்தால் அது இன்னும் சில வாரம் தள்ளிப் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

மலம், சிறுநீர் விஷயம் பலரைச் சோர்வடைய வைக்கும். கூண்டில் இருந்த நாய்க்கு உள், வெளி என்ற வேறுபாடு கிடையாது. நிற்கும் இடத்தில் போகும். கழுவி விடுகிற சிமென்ட் தரைதான் அதற்குத் தெரிந்த இடம். திட்டினால் ஆள் இல்லாத மூலையில் போகப் பழகும், அவ்வளவுதான். இந்த வீட்டில் செய்தது எளிய வழி. சிறுநீர் போன இடத்தைத் துடைத்த சாக்கை வாசல் சிமென்டில் விரித்தார்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் அங்கே அழைத்துப்போய் நின்றார்கள். போனதும் ஒரு துண்டு வேகவைத்த கோழி. பிறகு சாக்கைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மண் பக்கம் நகர்த்தினார்கள். சாக்கு மாமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொன்னியும் போய்ச் சேர்ந்திருந்தாள். மழை பெய்தால் இன்றைக்கும் வராண்டாவோடு நின்றுவிடுவாள்.

இன்னொரு ஆசிரியர் பக்கத்துத் தோப்பில் கள் இறக்குபவர் வளர்க்கும் நாட்டு நாய், கருப்பன். தடுப்பூசி போட்ட பிறகு அவனைச் சேர்த்தோம். முதலில் இரண்டையும் கயிற்றில் பிடித்து, நடுவில் இடைவெளி விட்டு, ஒரே திசையில் நடக்க வைத்தோம். முகத்துக்கு முகம் நிறுத்தவில்லை. கருப்பன் மண்ணில் புரண்டால் அவள் பார்ப்பாள். அவன் மாட்டுத் தொட்டியில் தண்ணீர் குடித்தால் அவளும் எட்டிப் பார்ப்பாள். வெயிலில் காலை நீட்டிப் படுப்பதை அவனைப் பார்த்துத்தான் கற்றாள். நாயாக இருப்பது எப்படி என்று மனிதர்கள் சொல்லிக் கொடுக்க முடியாததை அவன் சொல்லிக் கொடுத்தான். வீட்டில் அல்லது பக்கத்தில் நிதானமான நாய் ஒன்று இருந்தால் ஆய்வக பீகிளுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

முதல் ஊளை

மூன்றாவது மாதத்தில் ஒரு காலை, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளி வேன் கிளம்பியதும் பொன்னி கழுத்தை நீட்டி, வாயைக் குவித்து, நீண்ட ஊளை ஒன்று விட்டாள். அதற்கு முன் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. மருமகள் அடுப்பைவிட்டு ஓடி வந்தார். தன் சத்தத்தைக் கேட்டுப் பொன்னியே பயந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டாளாம்.

அதற்குப் பிறகு தினமும். விடியற்காலையில் கள் இறக்குபவர் மரத்தில் பாளை தட்டும்போது. கோயில் மைக்கில் பாட்டுப் போடும்போது. ராத்திரி எல்லோரும் கதவைச் சாத்திப் படுத்த பிறகு. பீகிளின் குரல் சின்ன நாயின் குரல் அல்ல. காட்டில் அரை மைல் தள்ளி வரும் வேட்டைக்காரனுக்குக் கேட்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த குரல்.

ஊளை என்றால் நம் ஊரில் என்ன பேச்சு என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரம் பார்த்து அப்பத்தா காய்ச்சலில் படுத்திருந்தார். "நாய் ஊளை விட்டா ஊட்டுக்கு ஆகாதுங்க" என்று ஒருவர் சொன்னார், நான்கு பேர் அதையே சொன்னார்கள். மகன் எனக்குப் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. "ஏனுங்க, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத நேரத்துல இது வேண்டாம். வந்து கூட்டிக்கிட்டுப் போயிருங்க."

போனேன். திண்ணையில் காய்ச்சல் விட்டும் விடாமலும் அப்பத்தா உட்கார்ந்திருந்தார், காலடியில் பொன்னி. மகன் பேச ஆரம்பிக்கும் முன்பே அவர் சொன்னார்: "இத்தனை வருஷம் அழுகாம இருந்த புள்ள, இப்ப அழுகுது. அழுகட்டும். எனக்கு வர்றது எப்ப வரோணுமோ அப்ப வரும்." நான் விளக்கமாகச் சொல்ல நினைத்துப் போனதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். மகனும் அதற்கு மேல் பேசவில்லை. ஆனாலும் ராத்திரி யாரும் தூங்கவில்லை என்பது உண்மை. அதற்கு வழி செய்தாக வேண்டும்.

எப்போதெல்லாம் சத்தம் போடுகிறாள் என்று பையனை ஒரு நோட்டில் எழுதச் சொன்னோம். எழுதியதைப் பார்த்தால் எல்லாம் ஒரே ஊளை இல்லை. பாளைத் தட்டுக்கும் மைக் பாட்டுக்கும் போடுவது பதில் குரல். சில நிமிடத்தில் நின்றுவிடும், அதை விட்டுவிடலாம். வேன் கிளம்பும்போதும் ராத்திரியும் போடுவது பிரிவுக்கு. பார்த்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

ராத்திரிக்குத் தீர்வு சுலபம். அவளை வராண்டாவில் தனியாகப் படுக்க வைத்திருந்தார்கள். அப்பத்தாவின் அறைக்கு மாற்றியதும் ராத்திரிச் சத்தம் நின்றது. கூட்டமாக வாழ்ந்த இனம், தனியாகத் தூங்காது. வேன் விஷயம் மெதுவாகத்தான் போனது. பிள்ளைகள் பையை எடுத்துத் தோளில் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். செருப்பைப் போட்டுக் கழற்றினார்கள். கதவைத் தாண்டிப் போய் உடனே திரும்பினார்கள். பை, செருப்பு, கதவு ஆகியவை பிரிவின் அடையாளம் என்ற கணக்கு அவள் மனதில் குழம்ப வேண்டும். வேன் வரும் நேரத்தில் கொட்டாங்குச்சிகளுக்குள் அவளுடைய காலைத் தீனியை மறைத்து, தேங்காய் நார் நிரப்பிய கூடைக்குள் போட்டு வைத்தார்கள். மனிதனுக்கு வாசனை அறியும் நுண்ணுறுப்புகள் ஐம்பது அறுபது லட்சம் என்றால் பீகிளுக்குச் சுமார் 22 கோடி என்பார்கள். அந்த மூக்குக்கு வேலை கொடுத்தால் மனம் அதன் பின்னால் போகும். சில வாரங்களில் வேன் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவதை விட்டு கூடைக்கு ஓட ஆரம்பித்தாள்.

குரைத்தால் கழுத்தில் ஷாக் கொடுக்கும் பட்டை ஒன்று விற்கிறது. உறவினர் ஒருவர் வாங்கித் தரவும் முன்வந்தார். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னோம். சத்தம் போட்டால் வலிக்கும் என்று மறுபடியும் கற்றுக்கொடுக்கவா அவளை அங்கிருந்து கொண்டு வந்தோம்? எந்த நாய்க்கும் அது கூடாது. ஆய்வகத்திலிருந்து வந்த நாய்க்கு அது கொடுமை.

கொப்பரைக் களம்

குரல் வந்த பின்னால் பசியும் வந்தது. முதல் மாதங்களில் யாரும் பார்க்காதபோது மட்டும் சாப்பிட்டவள் இப்போது களத்தில் காய்ந்த கொப்பரையைத் திருட ஆரம்பித்தாள். திருடுகிறாளே என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். யாரும் தடுக்கவில்லை. வந்தபோது ஒன்பதரை கிலோ இருந்தவள் பதின்மூன்றைத் தொட்டாள்.

கொப்பரையில் பாதிக்கு மேல் எண்ணெய். ஒரு நாள் வாந்தி நிற்கவில்லை. முன்னங்கால்களைத் தரையில் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி, கும்பிடுவது போல நின்றாள். வயிற்று வலியில் நாய்கள் அப்படி நிற்கும். பார்த்ததும் மருமகள் உடனே வண்டி எடுத்தது நல்லதாயிற்று. கணைய அழற்சி. சலைன் ஏற்றி, வாந்திக்கு ஊசி போட்டு, சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிறகு வெகுநாள் கொழுப்பில்லாத சாப்பாடு, தோல் நீக்கி வேகவைத்த கோழியும் சோறும், எண்ணெய் ஒரு சொட்டுக்கூட இல்லாமல். களத்தைச் சுற்றி வலை போட்டார்கள். இப்போது பதினொரு கிலோ. பீகிளுக்கு வயிறு நிறைந்தது என்பதே தெரியாது. அளந்து போடுகிற வீட்டில்தான் அது நன்றாக இருக்கும். கூடவே, நாயின் வாய்க்குப் போகவே கூடாதவை என்று இந்த வீட்டுக்கு எழுதிக் கொடுத்த பட்டியலில் சின்ன வெங்காயம் போட்ட சாம்பார் சோறு, திராட்சை போட்ட பாயசம், வேகவைத்த எலும்பு, புளித்த கள், தோப்பில் வைக்கிற எலி மருந்து எல்லாம் இருந்தன. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

முயல்

வலையின் அடிப்பக்கம் என்று சொன்னேன் அல்லவா. மேலே ஆறடி இருந்தது, கீழே மண்ணோடு முடிந்துவிட்டது. ஒரு மாலை பொன்னி அடியில் தோண்டி வெளியே போய்விட்டாள்.

தோப்பு, வாய்க்கால், அறுவடை முடிந்த கடலைக்காடு. மூன்று திசையில் ஆள் போனது. இருட்டும் நேரம். அந்தப் பக்கத்துக் கிணறுகளில் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது, கண்ணாடி விரியனும் உண்டு. அப்போது காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில், விட்டு விட்டு, நகர்ந்துகொண்டே. கூட வந்த பெரியவர் ஒருவர், இளவயதில் முயலுக்குப் போனவர், உடனே சொன்னார்: "மோப்பம் புடிச்சு ஓடுதுங்க. முயலு." குரல் போகிற திசையைப் பார்த்து முன்னால் போய் நின்று பிடித்தார்கள். உடம்பெல்லாம் சேறு, காதில் முள் கீறல், வால் நட்டுக்குத்தலாக நிற்கிறது. முயல் எப்போதோ போய்விட்டிருந்தது.

கூண்டைத் தவிர எதையும் பார்த்திராத ஒரு நாய், யாரும் சொல்லிக் கொடுக்காமல், தன் முன்னோர்கள் செய்ததைச் செய்திருக்கிறது. ஊர் பயந்த அந்தக் குரல்தான் அவள் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தது. இதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

அதற்காக விட்டுவிட முடியாது. வாசனை பிடித்த பீகிளுக்குக் காது கேட்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பழகினாலும், எவ்வளவு பாசமாக இருந்தாலும், திறந்த வெளியில் அவிழ்த்து விடக்கூடாது. வலையின் அடியில் ஓரடியை உள்பக்கமாக மடக்கி மண்ணுக்கடியில் விட்டு, மேலே கல் அடுக்கினார்கள். தோண்ட வந்தால் கம்பிதான் கிடைக்கும். கேட்டுக்கு உள்ளே இன்னொரு சின்னக் கேட். கழுத்துப் பட்டையில் போன் எண். நடைக்கு மார்புப் பட்டையும் முப்பதடிக் கயிறும். அந்தக் கயிற்றின் நீளத்துக்குள் அவள் இஷ்டப்படி முகர்ந்து போகலாம், பின்னால் போகிறவர்தான் பொறுமையாக நடக்க வேண்டும். பையன் அதில் தேர்ந்துவிட்டான்.

உடம்பு பற்றிச் சில விஷயங்கள்

முதல் மழைக்காலத்தில் உண்ணிக் காய்ச்சல் வந்தது. பூச்சி படாத கட்டடத்தில் வளர்ந்த நாய், மாட்டுக் கொட்டில் உள்ள வீட்டுக்கு வந்தால் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். சாப்பிடவில்லை, ஈறு வெளுத்திருந்தது, ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. டாக்ஸிசைக்ளின் நான்கு வாரம். இரண்டு மூன்று நாளிலேயே நாய் துள்ள ஆரம்பிக்கும், அதைப் பார்த்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது. உண்ணி சுவர் விரிசலில் முட்டையிடும் என்பதால் வீட்டையும் கொட்டிலையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உண்ணிக்கான மெல்லும் மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. ஆனால் பீகிள் இனத்தில் வலிப்பு நோய் கொஞ்சம் அதிகம். முன்பு வலிப்பு வந்த நாய்க்கு அந்த வகை மாத்திரை ஆகாமல் போகலாம். அதனால் டாக்டரைக் கேட்காமல் மருந்துக்கடையில் வாங்கிப் போட வேண்டாம்.

வெறிநோய்த் தடுப்பூசி வருடா வருடம். எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடுகிற ஊசி வயல்பக்கத்து நாய்க்குக் கட்டாயம் என்றே சொல்வேன். கேரளத்தில் வளர்ப்பு நாய்க்குப் பஞ்சாயத்து லைசென்ஸ் வேண்டும், தடுப்பூசிச் சான்றைக் காட்டி வாங்கிவிட்டார்கள். தொங்கும் காதுக்குள் காற்றுப் போகாது, வாரம் ஒரு முறை திறந்து பார்த்துத் துடைக்க வேண்டும். எண் குத்திய காதை மட்டும் பொன்னி வெகுநாள் தொட விடவில்லை. இப்போது அப்பத்தாவை மட்டும் விடுகிறாள்.

தமிழரும் மலையாளிகளும் கலந்த ஊர் என்பதால் தீபாவளிக்கும் வெடி, விஷுவுக்கும் வெடி. இரண்டுக்கும் முன்பே டாக்டரிடம் பயத்துக்கான மாத்திரை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் இருட்டுவதற்குள் நடை முடிந்துவிடும். உள்ளறை, ஜன்னல் சாத்தி, ஃபேன் ஓடி, டிவி சத்தமாக. முதல் தீபாவளிக்குக் கட்டிலடியில் நடுங்கினாள். விஷுவுக்குக் கட்டில் மேல் இருந்தாள்.

இன்றைய நிலை

பொன்னி குரைக்கிறாள், ஊளையிடுகிறாள், தபால்காரரைத் திட்டுகிறாள். மாடிப்படி ஏறுகிறாள், இறங்கத் தூக்கிவிட வேண்டும். வெள்ளைக் கோட்டும் நீல ரப்பர் கையுறையும் கண்டால் இன்னும் சிலையாகிவிடுகிறாள். அதனால் பொள்ளாச்சி டாக்டர் கோட்டைக் கழற்றிவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் பார்க்கிறார். போன தடவை ஊசி போட்டபோது காலை இழுத்துக்கொண்டு உறுமினாளாம். டாக்டர் அதைப் போனில் எனக்குச் சொன்னபோது சந்தோஷமாகச் சொன்னார்.

நாங்கள் இப்போது தத்து எடுக்கிறவர்களிடம் முதல் சந்திப்பிலேயே பீகிளின் ஊளையைப் பதிவு செய்து போட்டுக் காட்டுகிறோம், பக்கத்து வீட்டாரையும் வைத்துக்கொண்டு. இரண்டாம் மாதம் முடிந்ததும் நாங்களாகவே போன் செய்து, நாய் எதைக் கெடுக்கிறது என்று கேட்கிறோம். எதையும் கெடுக்கவில்லை என்றால் அந்த வீட்டுக்குத்தான் முதலில் போகிறோம்.

கொழிஞ்சாம்பாறை வீட்டில் இரண்டாவது பீகிள் கேட்டிருக்கிறார்கள். ஆணாக இருந்தால் நல்லது, வயதானதாக இருந்தாலும் பரவாயில்லை என்கிறார் மகன். களத்தின் வடபக்க வலையை முடிக்கச் சொல்லியிருக்கிறேன். முடிந்ததும் போய்ப் பார்க்க வேண்டும்.